மலைக்குளிரில் தலைச்சாயம் மங்காமல் காப்பது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் தலைக்குச் சாயம் இட்டுக்கொள்பவர்கள், நிறம் சீக்கிரம் வெளுத்துப்போனால் பெரும்பாலும் பார்லரைக் குறை சொல்வார்கள், இல்லையென்றால் ஷாம்புவைக் குறை சொல்வார்கள். இரண்டுக்கும் அதில் ஓரளவு பங்கு உண்டுதான். ஆனால் மலையில் வாழ்பவர்களின் தலையில் சாயம் நிற்காமல் போவதற்கு முதன்மையான காரணங்கள் வேறு. குளிருக்குப் பயந்து நாம் ஊற்றிக்கொள்ளும் ஆவி பறக்கும் வெந்நீர் ஒன்று. காற்று சில்லென்று இருப்பதால் நாம் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் வெயில் மற்றொன்று. இவ்விரண்டையும் சரிசெய்துகொண்டாலே, விலை உயர்ந்த பாட்டில்களை வாங்கி அடுக்காமல், அடுத்த முறை பார்லருக்குப் போகும்வரை நிறத்தைக் கண்ணியமான நிலையில் வைத்திருக்க முடியும். இங்கே சொல்பவை பார்லரிலோ வீட்டிலோ இடும் நிரந்தரச் சாயத்தை மனத்தில் வைத்துச் சொல்பவை. மருதாணியும் அவுரியும் இடுபவர்களுக்கான செய்திகள் பின்னால் தனியாக வருகின்றன.

சாயம் முடிக்குள் நிற்கும் விதம்

தலைமுடியின் மேற்புறம், ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்திருப்பதைப் போல, மெல்லிய செதில்களால் ஆனது. அச்செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். அவற்றுக்கு அடியில் உள்ள நார்ப் பகுதியில்தான் முடியின் இயற்கை நிறமி இருக்கிறது. சாயமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். நிரந்தரச் சாயக் கலவையில் உள்ள அம்மோனியாவோ அதற்கு மாற்றாகச் சேர்க்கப்படும் வேறொரு காரமோ முடியை ஊதச் செய்து செதில்களைத் தூக்கிவிடுகிறது. பாரா-பினைலீன்டைஅமைன் போன்ற, நிறமில்லாத சிறு மூலக்கூறுகள் அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைகின்றன. கூடவே செல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாக மாற்றுகிறது. பெரிதாகிவிட்டதால் அவை வந்த வழியே எளிதில் வெளியேற முடிவதில்லை. நிரந்தரச் சாயம் என்ற பெயர் அதனால்தான் வந்தது. உண்மையில் அது மெல்ல மெல்லக் கசியும் சாயமே.

கசிவதற்கு வழி செய்வது எது என்றால், முடியை மறுபடியும் ஊதச் செய்யும் எதுவும்தான். தண்ணீரே அதைச் செய்யும். நன்றாக நனைந்த முடியின் தடிமன் ஏறத்தாழ 15 விழுக்காடு வரை கூடுகிறது. எனவே எந்த ஷாம்பு என்று கேட்பதற்கு முன், வாரத்தில் எத்தனை முறை தலை நனைகிறது, எவ்வளவு சூடான நீரில் நனைகிறது, எவ்வளவு நேரம் ஈரமாகவே கிடக்கிறது என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம். மலையில் இம்மூன்று கேள்விகளுக்கும் நம் பதில், சமவெளியில் இருப்பவர்களின் பதிலிலிருந்து மிகவும் வேறுபட்டிருக்கும்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாயம் பிடிப்பது ஒரு வேதிவினை. குளிரில் அது மந்தப்படும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் காலத்தில், வாசல் கதவு திறந்தபடி இருக்கும் அறையில் உட்கார்ந்து சாயம் இட்டுக்கொண்டு, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே கழுவிவிட்டால், சாயம் உள்ளே முழுதாக உருவாகியிருக்காது. இரண்டே வாரத்தில் வெளுக்கத் தொடங்கும். பெரும்பாலான சாயங்கள் 30 முதல் 45 நிமிடம் வரை கேட்பவை. நரைமுடி சற்று முரடாக இருப்பதால், குறிப்பாகக் கன்னப்பொறியிலும் முன் நெற்றியிலும், முழு நேரமும் விட்டே ஆக வேண்டும். வீட்டில் இடுவதாக இருந்தால் கதவைச் சாத்தி, வெயில் படும் அறையில், நண்பகலில் இடுவது நல்லது. பெட்டியில் உள்ள நேரத்தை மீறி வைத்திருப்பதால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை, உச்சந்தலைதான் எரியும்.

வெந்நீர்

மலைவீடுகளில் குளியல் என்பதே ஒரு சூடு பிடிக்கும் வேலை. கீசரின் முள்ளைக் கடைசிவரை திருகி, அல்லது விறகு பாய்லரில் கொதித்த நீரை வாளியில் பிடித்து, உடம்பு சிவக்கும்வரை ஊற்றிக்கொண்டால்தான் பலருக்குக் குளித்த நிறைவு வருகிறது. உடம்புக்கு அது எப்படியோ, தலைச்சாயத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. சூடு கூடக் கூட முடி விரைவாக ஊதுகிறது. உள்ளே இருக்கும் சாய மூலக்கூறுகளும் விரைவாக நகர்கின்றன. தலையின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் போய்விடுகிறது. பார்லரிலிருந்து வந்த முதல் வாரத்தில் வெந்நீரில் தலை குளித்தால் வாளியில் வழியும் நீரின் நிறத்தைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு, உடம்புக் குளியலையும் தலைக் குளியலையும் பிரித்துவிடுவதுதான். அன்றாடக் குளியலில் முடியை உச்சியில் அள்ளி முடிந்து, ரப்பர் விளிம்புள்ள குளியல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, உங்கள் விருப்பம்போல் வெந்நீரில் குளித்துக்கொள்ளுங்கள். தொப்பி அவசியம், மூடிய குளியலறையில் சேரும் நீராவியே முடியை ஈரமாக்கிவிடும். தலைக்குக் குளிப்பதை வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ, பகல் 11 மணிக்கு மேல், குளியலறைக்குள் கொஞ்சம் வெளிச்சமும் வெதுவெதுப்பும் வந்த பிறகு, தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து, முடியை முன்னால் தள்ளி, வாளியில் ஏற்கெனவே கலந்து வைத்த நீரால் அலசினால் உடம்பு நனையாது, நடுங்கவும் வேண்டாம். வெந்நீரையும் தண்ணீரையும் தலையின் மேலேயே கலக்கக் கூடாது. வாளியில் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்து, சூடு என்றும் குளிர் என்றும் தோன்றாத நிலை வந்த பிறகே ஊற்ற வேண்டும். ஷவரில் குளிப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கடினம். இவ்விஷயத்தில் வாளியும் சொம்பும்தான் கைகொடுக்கும்.

கடைசியாக ஐஸ் போன்ற தண்ணீரை ஊற்றினால் செதில்கள் மூடிக்கொண்டு சாயம் பூட்டப்பட்டுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் இதைக் கேட்டு ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளத் தேவையே இல்லை. வெந்நீரைத் தவிர்த்தாலே பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. செதில்களைப் படியச் செய்வது இலேசான அமிலத்தன்மையுள்ள கண்டிஷனரே; அந்த வேலைக்குச் சளி பிடிக்கும் தண்ணீர் வேண்டாம்.

சாயம் இட்ட பிறகு முதல் தலைக் குளியலுக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்றால், இரண்டு அல்லது மூன்று நாள். பார்லரிலேயே ஒருமுறை அலசித்தான் அனுப்புகிறார்கள் என்பதால் அழுக்கு என்று எதுவும் தங்கியிருக்காது. சமவெளியில் வியர்வையில் ஒரு நாளைக்கூடத் தாண்ட முடியாதவர்கள் உண்டு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மலையின் தட்பவெப்பம் சாயத்துக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான் என்பேன். வியர்வை இல்லாத ஊரில் இருந்துகொண்டு பழக்கத்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் தலைக்குக் குளிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

குளிரில் அடிக்கும் வெயில்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்தில் ஒரு பார்லரில் நிறம் போய்விட்டது என்று குறைபட்டுக்கொண்ட ஒரு பெண்மணியை அங்கே வேலை செய்யும் பெண் சன்னலோரம் உட்காரவைத்தாள். வால் சீப்பின் கூர்முனையால் உச்சியின் மேலடுக்கு முடியை மட்டும் பிரித்துத் தூக்கி, கிளிப் போட்டு நிறுத்தி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தாள். "அக்கா, உள்ள இருக்கறதப் பாருங்க. போன தடவை அடிச்ச அதே கலர்தான். மேல மட்டும்தான் வெளுத்திருக்கு. ஷாம்பு போட்டா ரெண்டும் சேந்துதானே போகணும்? இது வெயில்தான்" என்றாள். மேலடுக்கு செம்பட்டையாகவும், அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்த முடி அடர் பழுப்பாகவும் இருந்தன. தன் தலையில் எது நிறத்தைப் போக்குகிறது என்று அறிய விரும்பும் எவரும் இச்சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேலும் கீழும் ஒரே அளவில் வெளுத்திருந்தால் கழுவுவதில் தவறு இருக்கிறது. மேலே மட்டும் வெளுத்திருந்தால் வெயிலில் தவறு இருக்கிறது. நுனி மட்டும் வெளுத்திருந்தால் முடி சேதமடைந்திருக்கிறது.

உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 முதல் 12 விழுக்காடு வரை கூடும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். தெளிந்த வானத்தில், அதே நேரத்தில், கடற்கரையில் விழுவதைவிட ஊட்டியில் விழும் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அதிகம் என்று கொள்ளலாம். வெயில் சுடவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. மேகம் கவிந்த நாளிலும் அதில் ஒரு பகுதி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை, மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ், காலையில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் வெயில் காய்ந்துகொண்டு நிற்பது நம் ஊர் வழக்கம். அதே மாதங்களில்தான் சாயம் மிக வேகமாக வெளுக்கிறது. வெயில் காய வேண்டாம் என்று சொல்வது அநியாயம். முதுகுக்கு வெயிலும் தலைக்குத் துணியும் இருக்கட்டும்.

துணி என்றால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. வலைபோன்ற மெல்லிய துப்பட்டா கதிரைத் தடுக்காது. தேயிலை பறிக்கும் பெண்கள் தலையில் இறுக்கிக் கட்டும் துணியும், மூத்த படுகர் இனப் பெண்கள் தலையைச் சுற்றிக் கட்டும் வெள்ளைத் துணியும் இவ்வேலையை நன்றாகவே செய்கின்றன. கம்பளிக் குல்லாவும் வெயிலைத் தடுக்கும்; ஆனால் முரட்டுக் கம்பளி முடியில் உரசி உரசிச் செதில்களைக் கிளப்பிவிடும். கழற்றும்போது படபடவென்று மின்சாரம் தெறித்து முடி எழுந்து நிற்கும் குல்லாவாக இருந்தால், அதன் உட்புறத்தில் பழைய பட்டுத் துணியோ வழுவழுப்பான சாட்டின் துணியோ வைத்துத் தைத்துவிடுங்கள். தையற்கடையில் கொடுத்தால் கால் மணி நேர வேலை. தலையணை உறைக்கும் இதுவே பொருந்தும்.

தலைக்குக் குளித்துவிட்டு முடியை வெயிலில் உலர்த்துவது எல்லாவற்றையும்விட மோசம். ஊதிய நிலையில் இருக்கும் முடியின் மேல் கதிர் விழும்போது நிறம் போவது இன்னும் எளிதாகிறது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். அது முடியை வெளுக்கச் செய்யும் வழி; சாயம் இட்டவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மழைக்காலத்தில் உலர்த்துவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டியிலும் கூடலூரிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் குன்னூரிலும் கோத்தகிரியிலும், காலையில் நனைந்த முடி மாலைவரை உலராத நாள்கள் பல வரும். அவ்வளவு நேரமும் முடி ஊதியபடியே இருக்கிறது. ஈர முடியை முடிந்து, மேலே குல்லாவையும் போட்டுக்கொண்டு வெளியே போனால் சாயமும் போகும், துர்நாற்றமும் வரும், பொடுகும் சேரும். எனவே மழைக்காலத்தில் விரைவாக உலர்த்துவதே சாயத்தைக் காக்கும் வழி.

முதலில் பழைய வேட்டியாலோ நைந்த பருத்தித் துண்டாலோ முடியைத் தேய்க்காமல், பகுதி பகுதியாகப் பிடித்து அழுத்தி நீரை எடுக்க வேண்டும். துணி இரண்டு முறை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். பிறகு ஹேர் டிரையரை நடுத்தரச் சூட்டில், ஒரு சாண் தொலைவில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, வேரிலிருந்து நுனியை நோக்கிக் காற்று போகும்படி பிடிக்க வேண்டும். நுனியிலிருந்து மேல்நோக்கிக் காற்று அடித்தால் செதில்கள் எழும்பும். முக்கால் பங்கு உலர்ந்ததும் நிறுத்திவிட்டு மீதியைத் தானாக உலரவிடலாம். முடியை நேராக்கும் அயர்ன் கருவி இதைப் போன்றதன்று. அது 180 டிகிரிக்கு மேலும் சூடேறும், அச்சூட்டில் நிறம் கண்முன்னே மாறுவதுண்டு. கட்டாயம் வேண்டுமென்றால் குறைந்த சூட்டில், முழுதும் உலர்ந்த முடியில் மட்டும், சூட்டைத் தாங்க உதவும் சீரம் ஒன்றைத் தடவிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

கரி அடுப்பின் முன் உட்கார்ந்து முடி காயவைப்பது மலையில் இன்றும் இருக்கிறது. சூடு ஒரே பக்கமாக அடிப்பதால் அந்தப் பக்கத்து முடி வறண்டு வெளுக்கும் என்பது சிறிய சிக்கல். கதவு சன்னல் எல்லாம் அடைத்த அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து என்பது பெரிய சிக்கல். தலைமுடிக்காக என்று இல்லை, எதற்காகவும் அதைச் செய்ய வேண்டாம்.

ஷாம்பு, எண்ணெய், சீயக்காய்

தண்ணீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து ஊட்டிக்கும், ரேலியா அணையிலிருந்து குன்னூருக்கும் வருவது மழைநீர். உப்புக் குறைவு, சோப்பு எளிதில் நுரைக்கும். ஆகவே சமவெளி அளவுக்கு ஷாம்பு தேவைப்படாது. ஒரு சிறு கரண்டி ஷாம்புவை ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் ஊற்றி விரல் நுனியால் தேய்த்தால், வழிந்து வரும் நுரையிலேயே முடியின் மீதிப் பகுதி சுத்தமாகிவிடும். சல்பேட் இல்லாத ஷாம்பு கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் இருப்பதை இப்படிக் கரைத்துப் பயன்படுத்துவது ஏறக்குறைய அதே பயனைத் தரும். கோவையிலோ திருப்பூரிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஊரில் நின்ற நிறம் அங்கே நிற்கவில்லை என்று சொன்னால், ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் முடியில் படிந்து மங்கலாக்குவதைக் காரணமாகக் கொள்ளலாம். வீட்டுத் தொட்டியில் துரு இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இரும்பு கலந்த நீர் நிறத்தைச் செந்நிறமாக்கிக்கொண்டே போகும்.

குளிர்காலத்தில் தோல் வறண்டு பொடுகு வரும்போது பலர் மருந்து ஷாம்புவுக்கு மாறிவிடுகிறார்கள். செலினியம் சல்பைடு கலந்தவை சாயம் இட்ட முடியின் நிறத்தையே மாற்றக்கூடியவை. பொடுகு உண்மையிலேயே தொல்லை கொடுத்தால், சாயம் இட்ட தலை என்று சொல்லித் தோல் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்பதே சரி.

கண்டிஷனரை விடக் கூடாது. ஷாம்புவின் நுரை போனதும் காதுக்குக் கீழே உள்ள முடியில் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அதே வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்கு ஈடு சொல்வது கடினம். அது முடிக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ முந்தின இரவோ தடவியிருந்தால், முடி நீரை உறிஞ்சி ஊதுவது குறைகிறது. ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சிச் சுடச்சுடத் தலையில் வைக்காதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தினாலே உருகிவிடும். உள்ளங்கையில் தேங்கும் அளவு போதும். வழிய வழிய வைத்தால் அதைப் போக்க இரண்டு முறை ஷாம்பு போட வேண்டியிருக்கும், எண்ணெயால் வந்த நன்மை அங்கே போய்விடும். விளக்கெண்ணெய் இதே காரணத்தால் எனக்கு உவப்பில்லை. நீலகிரித் தைலத்தை முடிக்கு நல்லது என்று அப்படியே தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கலக்காத தைலம் தலைத்தோலை எரிக்கும், சாயத்தால் ஏற்கெனவே சற்றுப் புண்பட்ட தோலில் இன்னும் எரிக்கும்.

சீயக்காய் இலேசான அமிலத்தன்மை உடையது, ஆகவே சாயத்துக்கு நேர்ப் பகையன்று. சிக்கல் அதன் திப்பியில் இருக்கிறது. சரியாகச் சலிக்காத பொடியை ஈர முடியில் தேய்த்தால் மணல் காகிதத்தின் வேலையைச் செய்யும். கொதிநீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஆறிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் ஊரில் குறைவில்லாத தேயிலையைக் கொண்டும் சிறிது ஒப்பேற்ற முடியும். இரண்டு மேசைக்கரண்டி டஸ்ட் தேயிலையை அரை லிட்டர் நீரில் கொதிக்கவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல்தான், முழுதும் ஆறியபின் துணியில் வடிகட்டி, தலைக்குக் குளித்த முடியில் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து இலேசாக அலசினால், கறுப்பு, அடர் பழுப்புச் சாயங்களின் மேல் ஒரு மெல்லிய கருமை ஏறும். அடுத்த குளியலில் அது போய்விடும், நரையை மறைக்காது. விசேஷ வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் செய்துகொள்ளத் தக்கது. வெள்ளைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பொன்னிறமாக ஹைலைட் செய்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுடைய சிக்கல் வேறு: வெளுத்த முடி நாளடைவில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியத் தொடங்கும். மஞ்சளுக்கு ஊதா நிற ஷாம்பு, ஆரஞ்சுக்கு நீல நிற ஷாம்பு; பத்து நாளைக்கு ஒருமுறை போதும்.

முன் நெற்றியும் மீசையும்

முடியின் மற்ற இடங்களெல்லாம் நன்றாக இருக்க, நெற்றியோரத்திலும் கிருதாவிலும் மட்டும் நிறம் போய்விடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். காரணம் முகம் கழுவும் சோப்பு. கட்டி சோப்பின் பி.எச். அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். அந்தக் காரத்தில் செதில்கள் திறந்துகொள்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று முறை வெந்நீரும் சோப்புமாக முகம் கழுவுபவரின் நெற்றியோர முடி வாரத்துக்கு இருபது முறை குளிக்கிறது என்று அர்த்தம். முகம் கழுவும்போது ஒரு பட்டைத் துணியால் முடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். மீசைக்குச் சாயம் இடும் ஆண்கள் மூக்குக்குக் கீழே சோப்பைக் கொண்டுபோகாமல் தண்ணீரால் மட்டும் கழுவப் பழகினால், மீசை தலையைவிட முன்னதாக வெளுக்கும் தர்மசங்கடம் குறையும்.

மருதாணி, அவுரி இடுபவர்களுக்கு

மருதாணியின் லாசோன் என்னும் பொருள் முடியின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால் அதன் செம்மை நீண்ட நாள் நிற்கும். அதன் மேல் இடும் அவுரியின் கருநீலமே முதலில் போகும். கறுப்பாக இருந்த தலை மூன்றாம் வாரத்தில் செம்மை காட்டுவது இதனால்தான். அப்போது மறுபடி மருதாணியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; அவுரியை மட்டும் ஒரு முறை இட்டால் போதும். குளிரில் மருதாணிக் கலவை நிறம் விட நெடுநேரம் எடுக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சமையலறையில் அடுப்பங்கரையோரம் மூடிவைத்துவிடுங்கள். கடையில் 'கறுப்பு மருதாணி' என்று விற்பவற்றில் பல, பாரா-பினைலீன்டைஅமைன் கலந்த சாயப் பொடிகள்தாம். இயற்கையானது என்று நம்பி இட்டு ஒவ்வாமையில் முகம் வீங்கியவர்கள் உண்டு. சில பொடிகளில் உலோக உப்புகளும் இருக்கும். அவற்றின் மேல் பார்லர் சாயத்தை இட்டால் பெராக்சைடோடு வினைபுரிந்து முடி கெட்டுப்போகலாம். எந்தப் பொடியை இட்டிருந்தாலும் பார்லரில் உட்காரும் முன் சொல்லிவிட வேண்டும்.

வேர் வெளுத்துத் தெரியும்போது

முடி மாதத்துக்கு 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. நான்கு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சாயம் மங்கியதால் அன்று. புதிதாக முளைத்த முடி சாயத்தையே பார்த்ததில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேர் வெளுத்தவுடன் முழு முடிக்கும் சாயம் இடுபவர்களே மிகுதி. இப்படி மாதாமாதம் இட்டால் நுனிமுடி மேலும் மேலும் சாயத்தைக் குடித்து, கரியைப் பூசியதுபோல் உயிரற்ற கறுப்பாகும்; பெராக்சைடால் பலமுறை சேதமுற்றதால் அடுத்த முறை இட்ட சாயத்தையும் பிடித்துவைக்காது. வேருக்கு மட்டும் டச்-அப் செய்யச் சொல்லுங்கள். நடுமுடி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சாயத்தை அங்கே சீவிவிடச் சொல்லுங்கள். அதற்கு இடைப்பட்ட நாள்களில் வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் சற்று வளைத்து எடுப்பது, வேருக்குத் தடவும் குச்சியையோ பொடியையோ பயன்படுத்துவது ஆகியவை கைகொடுக்கும். மழை நாளில் அக்குச்சி வழிந்து நெற்றிக்கு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை சாயம் இடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டாக ஒன்றும் செய்யாத சாயம் பதினோராம் ஆண்டில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். அரிப்போ வீக்கமோ தெரிந்தால் அந்தச் சாயத்தை விட்டுவிட வேண்டியதுதான். புருவத்துக்கும் இமைக்கும் எப்போதும் இடக் கூடாது.

மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது போக்குவரத்து நின்றுவிட்டால், கோவையில் சாயம் இட்டுக்கொள்பவர்களின் நான்கு வாரம் ஏழு வாரமாகிவிடுவதுண்டு. அப்போது உள்ளூரில் வேறொரு பார்லருக்குப் போக நேரும். 'அடர் பழுப்பு' என்று சொன்னால் ஒவ்வொருவரும் ஒரு நிறத்தை இடுவார்கள். எனவே பார்லரில் பயன்படுத்திய சாயத்தின் நிறுவனப் பெயர், குழாயில் அச்சிட்டிருக்கும் எண், கலந்த பெராக்சைடின் வலிமை ஆகிய மூன்றையும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். எண்ணில் புள்ளிக்கு முன்னால் உள்ளது கறுப்பிலிருந்து வெளிர் நிறம் வரையான அடர்த்தியைக் குறிக்கிறது, 1 என்றால் கறுப்பு. புள்ளிக்குப் பின்னால் உள்ளது பொன், செம்பு போன்ற சாயலைக் குறிக்கிறது. பெராக்சைடு 6 விழுக்காடு என்றால் பார்லரில் 20 வால்யூம் என்பார்கள். சாயம் இட்ட மறுநாள் பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால், புதிய இடத்தில் அதைக் காட்டி அதே நிறத்தைக் கேட்டு வாங்கலாம்.